ஆசிரியர் அந்தோணி பெனெசெட்

உலகின்கண் புகழ் எய்தினாருள் வாளெடுத்து வென்றாரும் உளர். செல்வத்தாற் சிறந்தாரும் உளர். நாவன்மையால் நாட்டை நடத்தினாரும் உளர். இவற்றுள் ஒன்றும் இலராய்ச் சிறார்க்கு எழுத்தறிவிக்கும் தொழிலொன்றையே கைக்கொண்டு, அதன் வாயிலாகவே ஒரு பெருந்தீமையின் வேரைத் தளரச்செய்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த அந்தோணி பெனெசெட் என்னும் ஆசிரியர். அட்லாண்டிக் மாகடலின் இருகரையினும் அவர் பெயரை அறிஞர் அறிந்திருந்தனர்.

மக்களுள் ஒரு சாராரைப் பிறப்பினாலும் நிறத்தினாலும் இழிந்தோரென ஒதுக்கும் வழக்கம் யாதானும் ஒரு வடிவில் எந்நாட்டினும் காணப்படுவதே. அவ்வழக்கத்தை வளர்ப்பதற்கும் சமயக் கல்வி பயன்படும். ஒழிப்பதற்கும் அதுவே பயன்படும். எவ்விடத்து அது வளர்க்கும், எவ்விடத்து அது ஒழிக்கும் என்பதைப் பெனெசெட்டின் வாழ்க்கை நமக்குத் தெளிவுற உணர்த்தும்.

பிறப்பும் இளமையும்

பெனெசெட் 1713-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ஆம் நாள், பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள செயின்ட் குவென்டின் என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் குடும்பத்தார் ஹியூகெனாட் எனப்படும் பிரெஞ்சுச் சீர்திருத்தக் கிறிஸ்தவ வகுப்பினர். வாணிகத்தாற் பொருள் படைத்தவர். அவ்வகுப்பினர்க்குப் பாதுகாப்பாயிருந்த பழைய அரசாணையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685-இல் நீக்கிவிட்டான். அதுமுதல் அவர்கள் தத்தம் முறைப்படி இறைவனை வழிபடுதலும் குற்றமாயிற்று. பெனெசெட்டின் தந்தையார்தம் உடைமைகளும் பறிபோயின. 1715-இல் அவர் மனைவி மக்களோடு மறைவாக நாட்டைவிட்டு வெளியேறி, ஆலந்து நாட்டு ராட்டர்டாம் நகரிற் சிலகாலம் தங்கி, பின்னர் இலண்டன் மாநகர் சேர்ந்தார். அப்போது நம் ஆசிரியர்க்கு வயது இரண்டே.

பதினாறு ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்தபின் அக்குடும்பம் 1731-இல் பிலடெல்பியாவுக்குக் குடியேறியது. ஆண்டு பதினெட்டு நிரம்பிய இளைஞராய் அந்தோணி அந்நகரின்கண் காலடி வைத்தார். சமயத்தின் பொருட்டு ஊரும் பொருளும் இழந்து அலைந்த குடும்பத்திற் பிறந்தமையால், வேற்றுமை பாராட்டுதலின் கொடுமையைப் பிறர் சொல்லக் கேளாமல் தம் வீட்டிலேயே அவர் அறிந்திருந்தார்.

நண்பர் சங்கம்

அவர் இளமையிலேயே சேர்ந்தது குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கம். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்னும் பெரியார் முயற்சியால் தோன்றிய கிறிஸ்தவக் கூட்டம் அஃது. மாந்தர் ஒவ்வொருவர் உள்ளத்தும் இறைவனுடைய ஒளி உறைகின்றது என்பது அவர்தம் கொள்கை. ஆதலின் அவர்கள் குருமாரை வைத்துக்கொள்வதில்லை. ஒன்றுகூடி அமைதியாய் அமர்ந்து, உள்ளொளி ஏவியவழி எவரும் பேசலாம் என விடுத்தனர். பெண்டிர்க்கும் அவ்வுரிமை உண்டு. போர் புரிதலை அவர்கள் அறவே வெறுத்தனர். அரசர் முன்னும் தலையணியைக் கழற்றாதவர்.

அச்சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் பென் என்பவர் 1681-இல் ஆங்கில மன்னரிடம் உரிமைப் பட்டயம் பெற்று அமைத்த நாடே பென்சில்வேனியா. எச்சமயத்தாரும் ஆண்டு வந்து வாழலாம் என்று அவர் கதவைத் திறந்துவைத்தார். ஆங்கிலேயர், வேல்ஸ் நாட்டார், செருமானியர், ஸ்காத்து வழிவந்த அயர்லாந்தர் எனப் பல இனத்தாரும் வந்து குடியேறினர். அந்நிலத்தின் பழங்குடிகளாகிய லெனாப்பே மக்களும் இருந்தனர். பல மொழியும் பல வழிபாடும் கலந்து வாழும் நாடாக அஃது ஓங்கியது.

ஆயினும் அந்நாட்டின் நற்பெயரில் ஒரு கறை இருந்தது. 1684-இல் இசபெல்லா என்னும் கப்பல் ஆப்பிரிக்க மக்கள் 150 பேரை அடிமைகளாகப் பிலடெல்பியாத் துறையில் இறக்கியது. அவர்களை விலைகொடுத்து வாங்கினாருள் நண்பர் சங்கத்தாரும் இருந்தனர். நாட்டை அமைத்த பென் என்பாரும் அடிமைகளை உடையராயிருந்தார். எல்லார் உள்ளத்தும் இறையொளி உண்டு என்று சபையில் அமைதியாய் அமர்ந்து நினைந்தவர், வீட்டுக்குத் திரும்பியதும் அடிமை ஆக்கிவைத்த உணவை உண்டனர். இதன் முரணைக் கண்டு, செர்மன்டவுன் என்னும் ஊரினர் சிலர் 1688-இலேயே எழுத்து மூலமாகக் கண்டித்தனர். அக்கண்டனத்தைப் பேரவையார் முடிவு கூறாது ஒதுக்கி வைத்துவிட்டனர்.

அடிமை முறையைத் தாங்கி நின்ற தூண்கள் பல. அவற்றுள் வலியது ஒன்று உண்டு. கருநிற மக்கள் இயற்கையிலேயே அறிவு குறைந்தவர், கல்வி அவர்க்கு ஏறாது என்னும் நம்பிக்கையே அது. கற்பிக்காமல் வைத்திருந்து, கல்லார் என்று பழித்து, கல்லாராதலின் அடிமைகளே என்று முடிவு கட்டினர். இத்தூணை அசைத்தவரே நம் பெனெசெட்.

ஆசிரியத் தொழில்

1736-இல் பெனெசெட், ஜாய்ஸ் மேரியட் என்னும் அம்மையாரை மணந்தார். பிறந்த மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே இறந்தனர். வாணிகத்தில் அவர்க்கு மனம் பொருந்தவில்லை. 1739-இல் செர்மன்டவுனில் ஆசிரியராய் அமர்ந்தார். 1742-இல் பிலடெல்பியாவிலுள்ள நண்பர் சங்கத்துப் பொதுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் புகுந்தார். பிரம்பே ஆசிரியர்க்கு அணி என்று கருதப்பட்ட அக்காலத்தில் அவர் அன்பினால் மாணாக்கரை வழிப்படுத்தினார். தொடக்கப் பிள்ளைகட்கெனத் தாமே எழுத்துப் பயிற்சி நூலும் இயற்றினார். 1754-இல் பெண்மக்கட்கு ஒரு பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கினார். செவிப்புலன் இல்லாத சிறுமி ஒருத்தியையும் அப்பள்ளியில் ஏற்று, அவளுக்கென வேறு முறை வகுத்துக் கற்பித்தார்.

1755-இல் நிகழ்ந்த ஒன்று அவருடைய உள்ளத்தின் விரிவைக் காட்டும். நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கரை ஆங்கில அரசினர் ஊரை விட்டுப் பெயர்த்துக் கப்பல்களில் ஏற்றிப் பல துறைகளுக்கு அனுப்பினர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் நோயோடும் பசியோடும் பிலடெல்பியா சேர்ந்தனர். பகைநாட்டு மொழி பேசுவோர், மாற்றுச் சமயத்தார் என்று நகரத்தார் அஞ்சினர். பெனெசெட்டின் குடும்பத்தைப் பிரான்சினின்றும் துரத்தியது கத்தோலிக்க மன்னனுடைய ஆட்சியே. ஆயினும் அவரே முதலிற் கப்பலுக்குச் சென்று கண்டார். அவர்தம் தாய்மொழியிற் பேசினார். போர்வையும் உணவும் சேர்த்தளித்தார். அவர்கள் தங்குதற்கு வீடுகள் எழ முயன்றார். தன் குடும்பத்தைத் துன்புறுத்தினோர் சமயத்தைச் சார்ந்தவர் என்பதனால் துன்புற்றோரை வெறுத்தல் தகாது என்பதை அவர் வாயாற் கூறாது செய்கையாற் காட்டினார்.

இரவுப் பள்ளி

பெனெசெட்டின் வாழ்வில் தலைசிறந்த தொண்டு 1750-ஆம் ஆண்டளவில் தொடங்கியது. பகலெல்லாம் பள்ளியில் உழைத்தபின், மாலையிற் கருநிறச் சிறுவரையும் பெரியோரையும் தம் வீட்டிற்கு அழைத்து, கூலியின்றி எழுத்தும் கணக்கும் விவிலியமும் கற்பித்தார். இங்ஙனம் இருபது ஆண்டுகள் அவ்வீட்டில் விளக்கு எரிந்தது. ஊரார் அதனைப் பயனற்ற செயல் என்று கருதினர். அவரோ ஆசிரியர்க்குரிய பொறுமையோடு ஒவ்வொரு மாணாக்கரையும் கூர்ந்து நோக்கிவந்தார்.

அவர் கண்ட முடிவு யாது? பகற்பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளிடம் காணப்பட்ட கூர்மையும் மந்தமும், ஆர்வமும் சோம்பலும், அதே அளவில் இரவுப் பள்ளியிலும் காணப்பட்டன. அறிவு நிறத்தைத் தொடர்ந்து செல்லவில்லை. கருநிறத்தார் அறிவிற் குறைந்தவர் என்னும் எண்ணம், அவர்களைத் தொலைவில் நிறுத்தி வைத்திருக்கும் உடையவர்களின் செருக்கினாலும் அறியாமையினாலும் பிறந்த பொய் என்று அவர் வெளிப்படக் கூறினார். தத்துவவாதியின் ஊகமாயின் மறுப்பார் மறுக்கலாம். இருநிறப் பிள்ளைகட்கும் பல்லாண்டு கற்பித்த ஆசிரியர் ஒருவரின் சான்றினை எங்ஙனம் மறுப்பது?

இவ்வுண்மைக்குத் துணைச்சான்றும் உண்டு. ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த பிரே சங்கத்தார் 1758-இல் அந்நகரிற் கருநிறப் பிள்ளைகட்குச் சமயக் கல்வி புகட்ட ஒரு பள்ளி திறந்தனர். பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1763-இல் அதனைப் பார்வையிட்டார். அடிமைகளை உடையவராயிருந்த அவர், அப்பிள்ளைகளின் நினைவாற்றலும் பணிவும் கற்கும் விரைவும் வெள்ளைப் பிள்ளைகட்கு எவ்வாற்றானும் குறைந்தவையல்ல எனக் கண்டு, தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தாமே எழுதினார். மின்னலின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர்க்கும் ஒரு வகுப்பறையை நேரிற் காண வேண்டியிருந்தது.

தம்மவரைத் திருத்தல்

பிறரைப் பழித்தல் எளிது. தம்மவரைத் திருத்தல் அரிது. பெனெசெட் அரிய பணியையே மேற்கொண்டார். ஜான் உல்மன் என்னும் நண்பர் சங்கப் பெரியாரோடு கூடி, தம் சங்கத்தாரிடமே இடைவிடாது வாதாடினார். அதன் பயனாக 1758-இல் பிலடெல்பியா ஆண்டுப் பேரவையார், அடிமைகளை வாங்கல் விற்றல் செய்வோரைச் சங்கக் காரியங்களினின்றும் விலக்கத் துணிந்தனர். அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சங்கத்தினின்றே நீக்குவதெனும் முடிவு 1776-இல் எய்தியது. முதற் கண்டனம் எழுந்த 1688-க்கும் இதற்கும் இடையே எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. உள்ளொளிக் கொள்கை நூலிலும் நாவிலும் இருந்த காலமெல்லாம் அடிமை வாணிகம் நடந்தேவந்தது. அக்கொள்கையைத் தம் வீட்டு வாயிலிலேயே செலுத்திக் காட்ட ஒருவர் முன்வந்தபோதுதான் அது உயிர் பெற்றது.

நாட்டு மன்றத்தையும் அவர் விட்டிலர். மன்ற உறுப்பினரைக் கண்டு வாதாடினார். 1780 மார்ச்சில், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் பென்சில்வேனியாவில் நிறைவேறியது. அதன்பின் அடிமைத் தாயர்க்குப் பிறக்கும் மக்கள் இருபத்தெட்டாம் வயது வரை ஊழியம் செய்து பின்னர் விடுதலையாவர் என்பது அச்சட்டம். குறையுடைய சட்டமே, ஆயினும் கதவு திறந்தது.

நூற்றொண்டு

பெனெசெட் எழுதிய நூல்களுள் 1766-இல் வெளிவந்த ஆங்கில நாட்டார்க்குரிய எச்சரிக்கை நூலும், 1771-இல் வெளிவந்த கினி நாட்டு வரலாறும் குறிக்கத்தக்கன. ஆப்பிரிக்கர் காட்டு வாழ்வினர், அடிமையாக்குதலே அவர்க்கு நன்மை என்று வாணிகர் கூறிவந்தனர். பெனெசெட் ஆப்பிரிக்கா சென்றவரல்லர். ஆயினும் அக்கடற்கரைகளுக்குச் சென்றுவந்த வாணிகரும் வழிப்போக்கரும் எழுதிய குறிப்புகளையே திரட்டி, அந்நாட்டில் உழவும் நெசவும் சந்தையும் நீதிமுறையும் குடும்ப ஒழுக்கமும் சிறந்திருந்தமையைக் காட்டினார். ஆங்குள்ள அமைதியைக் குலைத்தது அடிமை வாணிகமே என நிறுவினார். எதிரியின் ஓலையைக்கொண்டே எதிரியின் வழக்கை முறியடிப்பது போன்றது அவர் முறை.

அந்நூல்கள் கடல் கடந்தன. மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவராகிய ஜான் வெஸ்லி அவற்றைப் படித்து, 1774-இல் அடிமை முறையைக் கண்டித்துத் தாமும் ஒரு நூல் எழுதினார். அதன் செய்திகளிற் பெரும்பகுதி பெனெசெட் திரட்டியவை. 1785-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஒருவரை அவர் விருப்பின்றி அடிமையாக்குதல் முறையோ என்று வினவிப் பரிசுக் கட்டுரை வேண்டினர். தாமஸ் கிளார்க்சன் என்னும் மாணவர் பெனெசெட்டின் கினி நாட்டு வரலாற்றைத் தேடிப் பெற்று எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசுக்கென எழுதப் புகுந்தவர் உள்ளம் உருகி, வாழ்நாள் முழுதையும் அடிமை வாணிக ஒழிப்புக்கே ஒப்படைத்தார். 1807-இல் ஆங்கில நாட்டு மன்றம் அவ்வாணிகத்தைத் தடுத்தது. பிலடெல்பியாவில் ஒரு சிறு வீட்டில் எரிந்த விளக்கின் ஒளி இலண்டன் மன்றம் வரை சென்றது என்றல் மிகையன்று.

1770-ஆம் ஆண்டுப் பள்ளி

வீட்டிற் கற்பித்தல் போதாதெனக் கண்டு, பெனெசெட் தம் சங்கத்தாரை வற்புறுத்தினார். அவர்களும் இசைந்து 1770-இல் ஆப்பிரிக்கப் பிள்ளைகட்கென ஒரு பள்ளி நிறுவினர். தொடக்கத்தில் 22 பிள்ளைகள் சேர்ந்தனர். பள்ளியைக் காக்கப் பெனெசெட் வீடுதோறும் சென்று பொருள் ஈட்டினார். 1782-இல் ஆசிரியர் கிடைத்தல் அரிதானபோது, அகவை எழுபதை நெருங்கியிருந்த அவர், தாம் நடத்திய பெண்கள் பள்ளியை விடுத்து, ஆப்பிரிக்கப் பள்ளியிலே தாமே ஆசிரியராய் அமர்ந்தார். இறுதிவரை அப்பணியிலேயே இருந்தார்.

அவர் வாழ்வு மிக எளியது. உடல் சிறியவர், தோற்றத்தில் அழகற்றவர் என்று தம்மையே நகையாடுவார், தம் உருவை எழுத எவரையும் விட்டிலர். முதுமையிற் புலாலுணவை அறவே நீக்கினார். தம் முற்றத்து எலிகட்கும் நாடோறும் இரை வைத்தார் என்று அவர் வரலாறு எழுதினோர் குறிப்பர். உயிர்க்கெல்லாம் இரங்கிய நெஞ்சு மக்களுக்கு இரங்கியதில் வியப்பில்லை.

1784-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பெனெசெட் இறைவனடி சேர்ந்தார். மனைவியார் காலத்துக்குப் பின் தம் உடைமை கருநிறப் பிள்ளைகட்கும் பழங்குடிப் பிள்ளைகட்கும் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பயன்பட வேண்டுமென உயில் எழுதி வைத்திருந்தார். அவர் உடலின் பின்னே நகரத்துப் பெருஞ்செல்வரும் நூற்றுக்கணக்கான கருநிற மக்களும் ஒருங்கு நடந்தனர். வாழ்நாளில் அவர் விரும்பிய காட்சி அவர் இறந்த நாளன்று தெருவில் நிகழ்ந்தது.

மாணாக்கர்

ஆசிரியர் பெருமை மாணாக்கராற் புலப்படும். அடிமையாய்ப் பிறந்த அப்சலம் ஜோன்ஸ் பகலிற் கடையில் உழைத்து இரவிற் கற்றவர். முதலில் மனைவியின் விடுதலையைப் பொருள் கொடுத்துப் பெற்றார்; பின்னர்த் தாமும் விடுதலை எய்தினார். 1793-இல் பிலடெல்பியாவை மஞ்சட்காய்ச்சல் வாட்டியபோது, ரிச்சர்டு ஆலன் என்பாரோடு கூடி, பலர் அஞ்சி ஓடிய நகரிற் பிணியாளர்க்குத் தொண்டு செய்தார். பள்ளியிற் பயின்ற மற்றொருவராகிய ஜேம்ஸ் போர்டன் கப்பற்பாய் செய்யும் தொழிலிற் பெருஞ்செல்வராகி, அடிமை ஒழிப்பு முயற்சிக்கு வாரி வழங்கினார். கல்வி ஏறாது என்று கூறினார்க்கு இவர்கள் வாழ்வே விடை.

எஞ்சி நின்ற குறை

வரலாறு எழுதுவோர் குறையை மறைத்தல் அறமன்று. அப்சலம் ஜோன்ஸ் முன்னர் ஒரு வெள்ளையர் கோயிலில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்தபோது, ஒதுக்கிய இடத்தில் இல்லை என்று கோயிற் பொறுப்பாளர் அவரைப் பற்றி எழுப்ப முற்பட்டனர். கருநிறத்தார் தமக்கெனத் திருச்சபை அமைக்க முனைந்தனர். 1794-இல் அவர்தம் கோயில் திறக்கப்பெற்றது. அடிமைகளை விடுவித்த நண்பர் சங்கத்தாரும், நிறம் பாராமல் உறுப்பினரைச் சேர்ப்பதென 1796-இல்தான் முடிவு செய்தனர். அதன் பின்னும் அவர்தம் கூட்டங்களிற் கருநிறத்தார்க்குத் தனி விசுப்பலகை இருந்தது. சாரா டக்ளஸ் என்னும் கருநிற ஆசிரியை, தம் அன்னையாரோடு அப்பலகையில் அமர்ந்த துயரைப் பிற்காலத்தில் வெளியிட்டார். தனிப்பள்ளி எழுத்தைத் தந்தது. ஒரே பலகையில் உடனமரும் மனத்தை அது தானே தந்துவிடவில்லை.

முடிவுரை

இவ்விடத்து என் செய்தி ஒன்று கூறுதல் வேண்டும். யானும் இருபது ஆண்டுகட்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன். ஒருகால் என் வகுப்பிற் சேர்ந்த ஒரு சிறுவனைக் கண்டு, இவன் குடிப்பிறப்பிற்கு யாப்பிலக்கணம் எங்ஙனம் ஏறும் என்று மனத்துள் எண்ணினேன்; கடைசி வரிசையில் இருத்தினேன். அவ்வாண்டு இறுதியில், மற்றவர் தளை தட்டித் தடுமாறிய இடத்தில் பிழையற வெண்பா எழுதியவன் அவனே. அன்று நான் அடைந்த நாணம் இன்றும் தீரவில்லை. மந்தம் அவனிடத்தன்று, என் கண்ணிடத்தே இருந்தது. பெனெசெட்டின் வரலாற்றை அதன் பின்னரே படித்தேன். முன்னரே படித்திருப்பின் அச்சிறுவனை முதல் வரிசையில் அமர்த்தியிருப்பேன்.

அன்பர்களே! பிறப்பினால் மாந்தர் வேறல்லர் என்பது நம் தமிழ்ப் பெரியோர்க்கு ஒப்ப முடிந்த கருத்து. அதனை மேடையிற் பேசுகின்றோம். பிள்ளைகளை மனப்பாடம் செய்யவும் வைக்கின்றோம். குவேக்கரும் எண்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே தம் கொள்கையைப் பேசிக்கொண்டிருந்தனர். நம் சங்கம் நம் குடிப்பிள்ளைகளின் கல்விக்கெனப் பொருள் திரட்டுவது நன்றே. தன் வீட்டு விளக்கை ஏற்றாதவன் ஊர்க்கு ஒளி தாரான். ஆயினும் அவ்விளக்கின் கீழ் அயலாரின் ஏழைப் பிள்ளை ஒன்று வந்து அமர விரும்பினால் நாம் என் செய்வோம்? சங்கத்தின் கல்வி நிதியிற் சில இடங்களேனும் குடி வினவாமல் வறுமையும் ஆர்வமும் மட்டும் வினவி வழங்கப்பெறுதல் வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அன்பர்கள் இதனை ஆராய்வார்களாக. பெனெசெட் என்னும் அந்நல்லாசிரியர்க்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.